முருங்கைக்காயும் மார்கழி மாதமும்

ஐயாவுக்கு வணக்கம்.

நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தில் இரண்டரை வருஷமாகக் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் புதுப்பிப்பார்கள். 42 குடும்பங்கள் என் பொறுப்பில். பெற்றோல் காசு 2021இல் போட்ட கணக்கிலேயே நிற்கிறது. கேட்டால், "இது வேலையில்லைப் பிள்ளை, சேவை. காசு பாக்கிற ஆக்களுக்குச் சரிவராது" என்கிறார்கள். கேட்டதற்கு எனக்கே வெட்கமாகிவிடுகிறது.

இந்த புரொஜெக்ட் மார்கழியோடு முடிகிறது. பயனாளிகளுக்கு இப்போது சொல்ல வேண்டாம், கடைசி மாதம் சொல்லலாம் என்று அலுவலகத்தில் உத்தரவு. கிழமைக்கு ஒருமுறை நான் போகும் ஓர் அம்மா இருக்கிறார். முதல் மூன்று மாதம் படலைக்கு வெளியே நின்றே கதைத்தவர், இப்போது நான் வரும் நாளில் தேத்தண்ணி போட்டு மூடி வைத்திருப்பார். போன கிழமை முருங்கைக்காய் கட்டித் தந்தார். பயனாளிகளிடம் ஒன்றும் வாங்கக்கூடாது என்ற விதிப்படி மறுத்தேன். முகம் வாடிவிட்டது. "அடுத்த கிழமையும் வருவியள்தானே?" என்றார். ஓம் என்றேன். அது பொய்யா? நான் செய்வது சேவையா, தொழிலா?

என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். நீங்கள் சொல்லாமலே இன்னும் இரண்டை எடுத்தேன்: அந்த அம்மாவின் ஊர், அவர் மகனுடைய வருத்தம். எங்கள் பக்கத்தில் ஒழுங்கையையும் வருத்தத்தையும் சொன்னால் போதும், வீட்டு இலக்கம் யாருக்கும் தேவையில்லை. கோபிக்காதீர்கள். 42 குடும்பத்தை ஒருவர் தலையில் கட்டினால் எங்காவது இப்படி வழுகத்தான் செய்யும்.

சேவை என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் மனத்தாங்கல். 1995 இடப்பெயர்வில் வலிகாமத்துச் சனம் மழைக்குள் தென்மராட்சிக்கு வந்தபோது, முன்பின் தெரியாதவர்களுக்கு விறாந்தையை ஒதுக்கிக் கொடுத்தார்களே, அது சேவை. அவர்களிடம் யாரும் மாதாந்த ரிப்போர்ட் கேட்கவில்லை. உங்களிடம் ரிப்போர்ட் கேட்கிறார்கள், வரவு கேட்கிறார்கள், இலக்குக் கேட்கிறார்கள். வாங்கும்போது தொழில், கொடுக்கும்போது மட்டும் சேவையாகிவிடுகிறது. 2021 மார்கழியில் லீற்றர் 177 ரூபாய் விற்ற பெற்றோல் 2022 யூனில் 470 ரூபாய்க்குப் போனது. பிறகு குறைந்தாலும் பழைய விலைக்கு வரவேயில்லை. அந்த வித்தியாசத்தை உங்கள் பேர்சிலிருந்து கட்டுகிறீர்கள். அதைக் கேட்டதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்? வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு.

இந்தச் சொல் உங்களோடு சேர்த்து அந்த அம்மாவையும் ஏய்க்கிறது. சேவை பெற்றவர் நன்றி சொல்ல வேண்டும். குறை சொன்னால், "உதவி செய்யப் போனால் இதுதான்" என்று ஊர் சொல்லும். தொழிலென்றால் அவர் உங்களை, "ஏன் போன கிழமை வரேல்லை?" என்று கேட்கலாம். அப்படிக் கேட்கும் உரிமை அவருக்கு வேண்டும். அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: தொழில். எங்கள் நாட்டில் அது புதுத் தொழிலும் இல்லை. கொழும்பில் 1952இலேயே சமூகப் பணிக்கென்று பயிற்சி நிறுவனம் தொடங்கிவிட்டார்கள். பட்டப்படிப்பாக வரத்தான் அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

நானும் உங்களைப்போலத் திரிந்தவன்தான். சுனாமிக்குப் பிறகு, 2005இல், வடமராட்சி கிழக்கில். பெயர் சொல்லாத ஒரு நிறுவனம், வெள்ளை வாகனம், கதவில் சாப்பாட்டுத் தட்டளவு இலச்சினை. தனியே இருந்த ஒரு பெண்ணை மூன்று கிழமை போய்ப் பார்த்தோம். வாகனத்தை நேரே படலையில் நிற்பாட்டுவோம். உள்ளே கதவைச் சாத்திவிட்டு மெல்லக் கதைப்போம், ஏதோ பெரிய இரகசியம் காக்கிறவர்கள் மாதிரி. நாலாம் தரம் போனபோது அவர் படலையைத் திறக்கவில்லை. கிடுகுக்கு மேலால் சொன்னார்: "தம்பி, உந்த வாகனத்திலை வராதேங்கோ. தண்ணி அள்ளப் போனா எனக்கு என்ன நடந்ததெண்டு சனம் கேக்குது." அந்த இலச்சினை போட்ட வாகனம் என்ன வேலைக்கு வரும் என்று ஊருக்கே தெரியும், எங்களுக்குத்தான் உறைக்கவில்லை. பிறகு கோயிலடியில் விட்டுவிட்டு மணலுக்குள் நடந்து போனேன். மேலதிகாரி, வாகனம் ஓடிய கிலோமீற்றர் ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டார். அதையும் எழுதிக் கொடுத்தேன். (அந்த விளக்கத்தை யாரும் வாசித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.)

அந்த நாட்களில் இரவு எட்டு மணிக்கு வீடு வந்து சாப்பிடாமல் படுத்துவிடுவேன். ஒரு நாள், களைப்பில், ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் ஆறுதலுக்காகச் சொல்லிவிட்டேன். பெயர் சொல்லவில்லை, ஆனாலும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கு நான் இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கெட்டவனாக இருந்து செய்ததில்லை, கேட்டதையெல்லாம் இறக்கி வைக்க இடமில்லாமல் செய்தது. சமூகப் பணியாளர்களின் சர்வதேசச் சம்மேளனம் 2004இல் ஏற்ற அறக்கோவையில், பணியாளர் தன்னைக் கவனித்துக்கொள்வதும் ஒரு கடமையாக இருக்கிறது. மக்களுக்குச் சரியாக வேலை செய்ய அது தேவை என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள். 2018இல் திருத்தி எழுதியபோதும் அந்தக் கடமையை விடவில்லை. உங்கள் அலுவலகச் சுவரில் ஒழுக்கக்கோவை தொங்கினால் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மேற்பார்வை என்றொரு சொல்லும் எங்களிடம் கெட்டுப்போய்விட்டது. எங்கள் காதில் அது வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பதாகத்தான் விழுகிறது. இந்தத் தொழிலில் அதற்கு வேறு பொருள். அனுபவமுள்ள ஒருவரோடு மாதத்துக்கு இரண்டு தரமாவது இருந்து, எந்த வீட்டில் என்ன சிக்கல், எங்கே எனக்குக் கோபம் வந்தது, எங்கே அழுகை வந்தது என்று கதைப்பது. சம்பள உயர்வுக்கு முன்னால் இதைக் கேளுங்கள் என்று எழுதத்தான் வந்தேன். பிறகு யோசித்தேன், ஏன் முன்னால்? இரண்டையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள்.

சரி, முருங்கைக்காய். காசு, நகை, கோழி என்றால் வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும். வளவில் காய்த்த நாலு முருங்கைக்காயை மறுப்பது, "உன்னிடம் தர ஒன்றுமில்லை" என்று அவருக்குச் சொல்வது மாதிரி. வாங்கிக்கொண்டுபோய் அலுவலகத்தில் எழுதி வையுங்கள்: இன்ன திகதி, முருங்கைக்காய் நாலு. எழுத வெட்கமாக இருக்கும் எதையும் வாங்காதீர்கள். எனக்குத் தெரிந்த அளவுகோல் இது ஒன்றுதான்.

இனி மார்கழி. நீங்கள் ஓம் என்றது பொய்யில்லை, அடுத்த கிழமை போகத்தானே போகிறீர்கள். ஆனால் கடைசி மாதம்வரை மறைத்தால் அது பொய்யாகிவிடும். அவர் படலையைத் திறக்க மூன்று மாதம் எடுத்தவர், மூடவும் அவகாசம் வேண்டும். முன்கூட்டியே சொல்ல அனுமதி கேட்டு மேலதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். மறுத்தால், நானென்றால் சொல்லிவிடுவேன். எனக்கு இனிப் புதுப்பிக்க வேண்டிய கடிதம் எதுவும் இல்லை, ஆகவே நான் சொல்வது சுலபம். அதையும் கணக்கில் எடுங்கள்.

சொல்வதோடு விட்டுவிடவும் வேண்டாம். யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. சமூக சேவை, பெண்கள், சிறுவர் உரிமை என்று அங்கே உத்தியோகத்தர்கள் உண்டு. புரொஜெக்ட் போனாலும் அந்தக் கதிரைகள் இருக்கும். ஒரு துண்டுக் கடிதத்தோடு அவரைத் தனியே அனுப்பாதீர்கள். கூடப் போய் அதே வாங்கில் இருங்கள், உத்தியோகத்தருக்கு முகத்தைக் காட்டுங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று முதல் நாளே அந்த அம்மாவிடம் கேட்டு வையுங்கள். சிறுபிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை, சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அடிக்கலாம். அந்த விதிவிலக்கையும் எல்லா வீட்டிலும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருக்கிறீர்களா?

நான் அந்த மணற்பக்கம் போவதை நிறுத்தியபோது யாரிடமும் சொல்லவில்லை. நிதி முடிந்தது, வாகனம் திரும்பிப் போனது, அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் கழித்து நெல்லியடிச் சந்தையில் அந்தப் பெண்ணைக் கண்டேன். கையில் மீன் பை. என்னைக் கண்டதும் நின்றார். ஏசுவார் என்று நினைத்தேன். "தம்பிக்கு ஏதோ வருத்தமாக்கும் எண்டு நினைச்சன்" என்றார்.

இன்னும் எத்தனை தரம் வருவீர்கள் என்று எண்ணி, அடுத்த கிழமையே அவர் வீட்டுக் கலண்டரில் அடையாளம் போடுங்கள். பேனையை அவர் கையில் கொடுங்கள்.