இரண்டு போலே

அன்புள்ள ஐயா,

எனக்கு 51 வயது. கோவையில் பவுண்டரி வைத்திருக்கிறேன். வெள்ளியங்கிரி பதினான்கு முறை ஏறியிருக்கிறேன். ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலைக்கு மராங்கு வழியாக 5 நாள் பயணத்துக்கு முன்பணம் கட்டிவிட்டேன். என்ன ஷூ வாங்கலாம்? மலை உயரத்தால் வரும் நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை தேவையா? இன்னொன்று, உச்சிக்குப் பக்கத்தில் போனபிறகு வழிகாட்டி திரும்பச் சொன்னால் கேட்டே ஆகவேண்டுமா? அத்தனை பணம் கட்டியிருக்கிறோம். உடம்பு நம்முடையது, முடிவும் நம்முடையதுதானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஷூவை விடுங்கள். எதுவானாலும் முன்கூட்டியே வாங்கி, போட்டு நடந்து பழக்கிவிடுங்கள். மாத்திரையை மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

பதினான்கு முறை வெள்ளியங்கிரி ஏறிய கால்களுக்கு வணக்கம். ஆனால் அது இரண்டாயிரம் மீட்டரைத் தொடாத மலை. நீங்கள் முதல் இரவு தூங்கப்போகும் மண்டாரா குடிலே சுமார் 2,700 மீட்டரில் இருக்கிறது. மறுநாள் ஹொரோம்போ, 3,700. அதற்கடுத்த நாள் கீபோ, 4,700. தினம் ஆயிரம் மீட்டர்! மூவாயிரத்தைத் தாண்டினால் படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பாலபாடம். கீபோவில் கண்ணயர்வதற்குள் நள்ளிரவில் எழுப்பி 5,895 மீட்டர் உச்சியை நோக்கி நடத்துவார்கள். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். தெம்பாக இருப்பவன்தான் வேகமாக ஏறிச் சீக்கிரம் படுத்துவிடுகிறான். ஹொரோம்போவில் கூடுதலாக ஒரு நாள் தங்கும் 6 நாள் பயணத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பவுண்டரி எங்கும் ஓடிப்போகாது.

சரி, அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். 'அத்தனை பணம் கட்டியிருக்கிறோம்.' படித்ததும் சுருக்கென்றது. சில நாட்களாக நானே அசைபோட்டுக்கொண்டிருந்த வாக்கியம் அது.

எதற்குக் கட்டினீர்கள்? உச்சியை யாரும் விற்கவில்லை. வழிகாட்டி இல்லாமல் அந்த மலையில் ஏற அனுமதியே கிடையாது. உங்கள் காசில் நீங்கள் வாங்குவதிலேயே விலை உயர்ந்தது அவர் சொல்லும் 'போதும்'தான். அதைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அங்கே போய் வேண்டாம் என்பீர்களா? உயரம் தாங்காமல் மூளையில் நீர் கோக்க ஆரம்பித்தால் புத்தியும் தடுமாறும். முடிவு நம்முடையது என்கிறீர்கள், அப்போது எந்தப் புத்தியை வைத்து முடிவெடுப்பீர்கள்? உருக்கு பதத்துக்கு வரவில்லை என்று உங்கள் மேஸ்திரி சொல்லும்போது, ஆர்டர் கொடுத்தவர் வந்து 'பணம் கட்டியிருக்கிறேன், ஊற்று' என்றால் ஊற்றவிடுவீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைத் திட்டுகிற சாக்கில் என்னைத்தான் திட்டிக்கொள்கிறேன்.

நான் போனது மச்சாமே வழி, 7 நாள். வழிகாட்டிக்கு என் மகன் வயது. முதல் அடியிலிருந்தே 'போலே போலே' என்றார். ஸ்வாஹிலியில் மெதுவாக, மெதுவாக. என் தமிழ்க் காதுக்கு அது நடப்பது போலே, நடக்காதது போலே என்று கேட்கும், தனியே சிரித்துக்கொள்வேன். என் பையையும் கூடாரத்தையும் தலையில் சுமந்த போர்ட்டர்கள் எங்களைத் தாண்டிப் போய், நான் வெறும் தண்ணீர் பாட்டிலோடு முகாமுக்கு வந்து சேர்வதற்குள் தேநீருக்கு வெந்நீர் வைத்திருப்பார்கள். இருபது கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாதென்று விதி. இருபது கிலோ! (இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

பராஃபு முகாமிலிருந்து நள்ளிரவில் கிளம்பினோம். ஐயாயிரத்தைத் தாண்டியதும் எனக்குத் தலைக்குள் உலக்கை இடித்தது. அவர் டார்ச்சால் தரையில் ஒரு கோடு காட்டி, குதிகாலை விரல்நுனியில் ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சாய்ந்தேன். திரும்பலாம் என்றார். எவ்வளவு பணம் கட்டியிருக்கிறேன் தெரியுமா என்று கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் முகத்தையே பார்த்தார். அதைத் தமிழில் கத்தியிருக்கிறேன் என்று எனக்குக் கீழே வந்தபிறகுதான் உறைத்தது.

அப்புறம் என் கையைப் பிடித்து, 'போலே, ம்ஸே' என்றார். ம்ஸே என்றால் பெரியவரே. இன்னொரு 'போலே' வரும், மெதுவாக மேலே ஏறச் சொல்லுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. இரண்டு தடவை சொன்னால்தான் மெதுவாக. ஒரு தடவை சொன்னால், வருந்துகிறேன்.