புதுக் கூரை போடப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணா, எங்களுடையது ஸ்காபுறோவில் 1998இல் கட்டிய இரண்டு மாடி வீடு. கூரையை மூடும் தார் தகடுகளான ஷிங்கிள்ஸின் ஓரங்கள் சுருண்டுவிட்டன. பீலிக்குள் கறுப்பு மணல் மாதிரி நிறைய வந்து நிற்கிறது. மூன்று பேரிடம் விலை கேட்டோம். அதில் ஒருவர், பழையதைக் கழற்றாமல் அதற்கு மேலேயே அடித்துத் தருகிறேன், நல்ல மிச்சம் என்கிறார். போன வின்ரரில் மேல் அறைச் சீலிங்கில் ஈரமும் கண்டது. என்ன செய்யலாம்? – வாசகி, ஸ்காபுறோ

பதில்: தங்கச்சி, மேலே அடிக்கிறேன் என்றவரை விட்டுவிடுங்கள். பீலியில் நிற்பது ஷிங்கிள்ஸில் ஒட்டியிருந்த கல்மணல். உள்ளே இருக்கும் தாரை வெயிலில் இருந்து காப்பது அதுதான். அது உதிர்ந்து ஓரமும் சுருண்டால் அந்த ஷிங்கிள்ஸின் காலம் முடிந்தது. சுருண்டதன் மேல் புதியதை அடித்தால் அதுவும் மேடும் பள்ளமுமாகத்தான் படுக்கும். கீழே பலகை உக்கிக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது.

எனக்கு ஷிங்கிள்ஸைவிட அந்த ஈரம்தான் யோசனை. அது எப்போது வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மழை கொட்டிய அன்றா, கடும் குளிர் கிடந்து பிறகு வெயில் எறித்த அன்றா? மழையன்று என்றால் கூரை ஒழுகுகிறது. புகைக்கூண்டைச் சுற்றியும் இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்திலும் முதலில் பாருங்கள். வெயில் எறித்த அன்று என்றால் கூரை ஒழுகாமலே சீலிங் நனைந்திருக்கலாம்.

ஜனவரியில், மைனஸ் பதினைந்து இருபது போகும் ஒரு நாளில், சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள அற்றிக்கின் மூடியைத் தூக்கி ரோர்ச் அடித்துப் பாருங்கள். கூரைப் பலகையைத் துளைத்து நிற்கும் ஆணி முனைகள் ஒவ்வொன்றிலும் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தால், வீட்டுக்குள் இருந்து ஈரக் காற்று மேலே ஏறுகிறது என்று அர்த்தம். குளிர் விட்டதும் அவ்வளவும் உருகிச் சொட்டும். கோடையில் போய்ப் பார்த்தால் பனி இராது, ஆனால் ஆணியைச் சுற்றிப் பலகையில் கறுப்பு வட்டங்கள் இருக்கும். புட்டும் இடியப்பமும் அவிக்கிற வீட்டில் நீராவிக்கு என்ன குறை? அடுப்புக்கு மேலுள்ள ஃபானைப் போடாமல் சமைப்பவர்கள் கையை உயர்த்துங்கள். பாத்ரூம் ஃபானின் குழாய் கழன்று அற்றிக்குக்குள்ளேயே ஊதிக்கொண்டிருப்பதையும் நான் அடிக்கடி காண்கிறேன். அப்படியான வீட்டில் எவ்வளவு விலையான ஷிங்கிள்ஸ் அடித்தாலும் அடுத்த வின்ரரிலும் சீலிங் நனையும். குழாயை வெளியே கொண்டுபோய் விடவேண்டும்.

அடுத்தது காற்றோட்டம். பொதுவான சரிவுள்ள கூரைக்குச் சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்பது விதி. 1200 சதுர அடிச் சீலிங்குக்கு 4 சதுர அடி. அதைத் தாழ்வாரத்தின் அடியில் சொஃபிற்றிலும், மேலே முகட்டுப் பக்கமும் பங்கிட்டு வைக்கவேண்டும். கீழே நுழைந்த காற்று மேலே வெளியேறினால்தான் ஈரம் போகும். பல வீடுகளில் சொஃபிற் ஓட்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் பின்னாளில் ஊதிவிட்ட இன்சுலேஷன் பஞ்சு அதை உள்ளிருந்து அடைத்து நிற்கிறது. மேலே நான்கு வென்ற் (காற்றுத் திறப்பு) கூட்டிவிட்டேன் என்று காசு வாங்குகிறவர் கீழே பார்த்தாரா என்று கேளுங்கள்.

அற்றிக் சூடாக இருந்தால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கூரையின் மேற்பகுதியில் பனி உருகி ஓடிவந்து, குளிர்ந்த ஓரத்தில் மறுபடி உறைந்து ஒரு வரம்பு கட்டும். அந்த வரம்புக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் ஷிங்கிள்ஸுக்கு அடியால் ஏறும். இதற்குத்தான் ஓரத்தில் ஐஸ் அண்ட் வோட்டர் ஷீல்ட் என்ற ஒட்டும் சவ்வைப் போடுகிறோம். அது நேரே பலகையில் ஒட்டவேண்டும், பழையதன் மேல் அடிக்கிறவரால் இதைச் செய்யமுடியாது. ஒன்ராறியோ கட்டட விதிப்படி ஓரப் பாதுகாப்பு விளிம்பிலிருந்து குறைந்தது 900 மில்லிமீற்றர் மேலே போகவேண்டும். அதோடு வெளிச்சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி 300 மில்லிமீற்றராவது உள்ளே ஏறியிருக்கவேண்டும். தாழ்வாரம் நீளமான வீட்டுக்கு மூன்றடி அகல ரோல் ஒரு வரிசை காணாது.

மற்ற இருவரின் கோட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முழுக்கக் கழற்றுவது, சவ்வு எத்தனை அடி, புகைக்கூண்டு போன்ற இணைப்புகளில் தண்ணீரைத் தடுக்கும் பிளாஷிங் தகடு புதிதா பழையதா, குப்பை அகற்றுவது எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும். உக்கிய பலகை மாற்ற 4க்கு 8 அடி ஷீற் ஒன்றுக்கு என்ன விலை என்பதையும் முதலே எழுதி வாங்குங்கள். கழற்றிய பிறகு, கூரை திறந்து கிடக்கும்போது பேரம் பேச உங்களுக்கு வாய் வராது.

கேள்வி: கணவரும் தம்பியும் தாங்களே அடிக்கலாம் என்கிறார்கள். எத்தனை கட்டு ஷிங்கிள்ஸ் வாங்கவேண்டும்? – வாசகி, மார்க்கம்

பதில்: கணக்கு லேசு. தாழ்வாரத்தையும் சேர்த்து வீட்டின் நீள அகலம் 40க்கு 30 என்று வைப்போம், 1200 சதுர அடி. கிடையாக 12 அங்குலம் போகையில் 6 அங்குலம் உயரும் சரிவுக்கு 1.118ஆல் பெருக்கினால் சுமார் 1342. வெட்டுக் கழிவுக்குப் பத்து வீதம் கூட்டினால் 1476. மூன்று கட்டு ஏறக்குறைய 100 சதுர அடியை மூடும், ஆகவே 45 கட்டு. முகட்டுக்கும் தொடக்க வரிசைக்கும் வேறு கட்டு வாங்கவேண்டும். பள்ளங்கள் கூடிய கூரை என்றால் கழிவும் கூடும்.

ஆணி ஷிங்கிள்ஸில் காட்டிய கோட்டில், ஒவ்வொன்றுக்கும் சாதாரணமாக நான்கு, காற்று அடிக்கும் இடத்தில் ஆறு. தலை ஷிங்கிள்ஸோடு மட்டமாக நிற்கவேண்டும். ஆணி அடிக்கும் கன்னில் காற்றழுத்தம் கூடினால் தலை ஷிங்கிள்ஸை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும், சரிந்து நின்றால் மேல் ஷிங்கிள்ஸைத் தூக்கும்.

ஆனால் இரண்டு மாடி வீடு என்றால் அவர்களை ஏற விடாதீர்கள். ஒன்ராறியோவில் மூன்று மீற்றருக்கு மேல் வேலை செய்யும் கட்டுமானத் தொழிலாளிக்கு விழுகைப் பாதுகாப்பு கட்டாயம், அதற்குப் பயிற்சியும் உண்டு. கைபழக ஆசையென்றால் பின்வளவு ஷெட்டில் தொடங்கட்டும்.

கேள்வி: நவம்பரில் ஒருவர் கதவைத் தட்டி, உங்கள் கூரை பழுது, இன்றே கையெழுத்துப் போட்டால் பெரிய விலைக்கழிவு, பாதிக் காசு முதலே வேண்டும் என்றார். அம்மா கையெழுத்து வைத்துவிட்டா. – வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: பதறவேண்டாம். வீட்டு வாசலில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தை, பிரதி கைக்கு வந்து பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்ய ஒன்ராறியோ நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்திருங்கள். முற்பணம் பத்து வீதத்துக்கு மேல் கொடுக்கவேண்டாம் என்பதுதான் மாகாண அரசின் ஆலோசனை. ஒப்பந்தத்தில் எழுதிய மதிப்பீட்டை உங்கள் சம்மதமின்றிப் பத்து வீதத்துக்கு மேல் கூட்டவும் முடியாது. அடுத்த ஆளிடம், வேலையிடக் காயங்களுக்கான மாகாணக் காப்புறுதி அமைப்பான டபிள்யூஎஸ்ஐபியின் கிளியரன்ஸ் சான்றிதழைக் கேளுங்கள்.

நவம்பர் வேலை பிழை என்றில்லை. ஷிங்கிள்ஸின் அடியில் இருக்கும் ஒட்டுக்கோடு வெயில் சூட்டில்தான் இளகிப் பிடிக்கும். குளிரில் அடித்தால் வசந்தம் வரை பிடிக்காமல் கிடக்கும், அதற்குள் காற்று கிளப்பலாம். அதனால் ஓரங்களிலாவது கையால் பசை வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: "வாழ்நாள் உத்தரவாதம்" என்றால் பயமில்லைத்தானே? – வாசகர், பிரம்ரன்

பதில்: பெரும்பாலும் அது தயாரிப்புக் குறைக்கு மட்டும், வருடம் போகப்போகத் தொகையும் குறையும். பிழையாக அடித்ததற்கும் காற்றோட்டம் இல்லாததற்கும் கம்பனி பொறுப்பெடுக்காது. அடிக்கிறவர் தன் வேலைக்கு எத்தனை வருடம் எழுதித் தருகிறார் என்று பாருங்கள்.

கேள்வி: பெர்மிற் எடுக்கவேண்டுமா? – வாசகி, ரொறன்ரோ

பதில்: கட்டமைப்பில் கை வைக்காமல் ஷிங்கிள்ஸ் மட்டும் மாற்றுவதற்கு ரொறன்ரோவில் தேவையில்லை. டவுன்ஹவுஸ் கொண்டோ என்றால் கூரை நிர்வாகத்தின் பொறுப்பாக இருக்கலாம், ஆளைக் கூப்பிடுமுன் அவர்களிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.