கேஸ் குறையுதுன்னா எங்கயோ லீக் இருக்கு

கேள்வி: நிறுத்தி வச்ச விமானத்துக்குள்ள பெரிய ஹோஸ் வழியா குளிர்காத்து அனுப்புற டீசல் ஏசி வண்டிய பராமரிக்கிற வேலைல இருக்கேன். குளிர வைக்க உள்ள சுத்துறது ஆர்-407சி கேஸ். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா டாப்-அப் பண்றோம், கொஞ்ச நாள் நல்லா கூலிங் வருது, அப்புறம் பழைய கதைதான். எவ்வளவு போட்டா நிக்கும்?

பதில்: எவ்வளவு போட்டாலும் நிக்காதுங்க. கேஸ் டீசல் மாதிரி ஓட ஓட தீர்ந்து போற பொருள் இல்ல, மூடின குழாய்க்குள்ளயே சுத்திட்டு இருக்கறது, குறைஞ்சா வெளிய போகுதுன்னு மட்டும்தான் அர்த்தம். உங்க வண்டி ஒரு இடத்துல நிக்காம இழுபட்டுக்கிட்டே இருக்கு, கூடவே இன்ஜின் அதிர்வு வேற, அதனால குழாய் இணைப்புல இருக்கற ஃபிளேர் நட்டு லூசாகும், பிரஷர் சுவிட்சுக்கு போற மெல்லிசு குழாய் எதுலயாவது உரசி தேயும், சர்வீஸ் வால்வுல மூடி இல்லாம அப்படியே விட்டிருப்பாங்க. பெல்ட்ல ஓடுற கம்ப்ரஸர்னா, ஷாஃப்ட் வெளிய வர்ற இடத்துல கேஸ் கசியாம அடைக்கிற ஷாஃப்ட் சீலையும் பாருங்க. எங்க எண்ணெய் பிசுக்கு தெரியுதோ அங்கதான் முதல்ல சந்தேகம், ஏன்னா கேஸ் போறப்ப ஆயிலையும் கொஞ்சம் இழுத்துட்டு போகும்.

மிச்சம் இருக்கற கேஸ ரிக்கவரி மெஷின்ல சிலிண்டருக்கு எடுத்துடுங்க, சிலிண்டர 80 சதவீதத்துக்கு மேல நிரப்பாதீங்க. காத்துல விடவே விடாதீங்க, இது ஒரு கிலோ வெளிய போனா கிட்டத்தட்ட 1,770 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதுக்கு சமம். அப்புறம் ரெகுலேட்டர் மாட்டி டிரை நைட்ரஜன் ஏத்தி, பெயர்ப்பலகைல இருக்கற டெஸ்ட் பிரஷரை தாண்டாம, சோப்புத்தண்ணி தடவி பாருங்க. நைட்ரஜன் தீர்ந்துருச்சுன்னு ஆக்சிஜன் சிலிண்டர மட்டும் மாட்டிடாதீங்க, உள்ள இருக்கற ஆயிலோட சேர்ந்தா வெடிச்சிடும், இதுல ஒரு தடவைகூட ரிஸ்க் எடுக்கக் கூடாது.

லீக்க சரி பண்ணி, ஈரத்தையும் தூசியையும் பிடிக்கிற ஃபில்டர் டிரையர மாத்தினதும் வேக்யூம், அதாவது பம்ப் வச்சு உள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் இழுத்து எடுக்கணும். இத்தன மணி நேரம்னு கணக்கு வச்சு ஓட்டாம, வேக்யூம அளக்குற மைக்ரான் கேஜ் 500க்கு கீழ வந்ததும் பம்ப்புக்கு போற வால்வ அடைச்சிட்டு முள்ளு என்ன பண்ணுதுன்னு கவனிங்க. கொஞ்சம் ஏறி நின்னுட்டா உள்ள ஈரம் இருக்கு, ஏறிக்கிட்டே போனா இன்னும் லீக் இருக்கு. இந்த கேஸோட போடுற பிஓஇங்கற செயற்கை கம்ப்ரஸர் ஆயில் ஈரத்த நல்லா உறிஞ்சும், அதனால இந்த வேலைய அவசரப்படுத்தாதீங்க.

கேஸ தராசுல வச்சு, பெயர்ப்பலகைல போட்டிருக்கற எடைக்குதான் ஏத்தணும். 407சிங்கறது மூணு கேஸ் கலவை: ஆர்-32 23 சதவீதம், ஆர்-125 25, ஆர்-134ஏ 52. சிலிண்டர்ல மேல இருக்கற ஆவிய இழுத்தா முதல் ரெண்டும் அதிகமா வந்துடும், கலவையே மாறிடும், அதனால எப்பவும் லிக்விடாத்தான் எடுக்கணும். வேக்யூம்ல இருக்கறப்பவே லிக்விட் லைன் வழியா முடிஞ்சவரைக்கும் ஏத்திடுங்க, மீதிய வண்டிய ஓட்டி சக்ஷன் பக்கம் (கம்ப்ரஸர் கேஸ இழுக்குற பக்கம்) வால்வ கொஞ்சம் கொஞ்சமா திறந்து, உள்ள போறதுக்குள்ள ஆவியாகற மாதிரி. லிக்விட் அப்படியே கம்ப்ரஸருக்குள்ள போச்சுன்னா வால்வு பிளேட் உடைஞ்சிடும். கையுறை, கண்ணாடி ரெண்டும் கட்டாயம் போடுங்க.

கேள்வி: குழாய்ல லிக்விட் ஓடுறத பாக்க வச்சிருக்கற சைட் கிளாஸ்ல குமிழி நிக்கிற வரைக்கும் ஏத்துனா போதும்னு சீனியர் சொல்றாரு. சரியா?

பதில்: அத மட்டும் நம்பாதீங்க. ஃபில்டர் டிரையர் அடைச்சிருந்தாலும் குமிழி வரும். அப்போ ஏத்திக்கிட்டே போனா ஹெட் பிரஷர் (கம்ப்ரஸர் வெளிய தள்ளுற பக்கத்து அழுத்தம்) எகிறி ஹை பிரஷர் கட்-அவுட்ல வண்டி நின்னுடும். கண்டென்சர கழுவி, லோடு முழுசா குடுத்து ஓட்டி, சூப்பர்ஹீட்டையும் (ஆவி கொதிநிலைக்கு மேல எவ்வளவு சூடா இருக்கு) சப்கூலிங்கையும் (லிக்விட், ஆவி லிக்விடா மாறுற வெப்பத்துக்கு கீழ எவ்வளவு குளிர்ந்திருக்கு) அளந்து மேனுவல்ல சொன்ன அளவோட ஒத்துப் பாருங்க, அவரோட அனுபவத்துக்கு மரியாதை குடுத்துத்தான் சொல்றேன்.