கன்னியாவின் வெந்நீரும் டொங்காரிரோவின் ஆவியும்

ஐயா அவர்களுக்கு வணக்கம். நியூசிலாந்தின் டொங்காரிரோ எரிமலைப் பாதையில் ஒரு பகல் முழுவதும் நடந்தது பற்றி நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். "அங்கே நிலத்திலிருந்து ஆவி வருகிறது, எங்கள் கன்னியாக் கிணறுகளில் சுடுநீர் வருகிறது, அப்படியென்றால் திருகோணமலைக்குக் கீழேயும் எரிமலை உண்டா?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்ன பதில் சொல்ல?
— ஓர் ஆசிரியை, உப்புவெளி

அன்புள்ள ஆசிரியைக்கு,

இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். கேட்டது நல்ல கேள்வி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே வெகு ஆழத்துக்கு இறங்கி, ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் வீதம் கூடிச்செல்லும் பூமியின் இயல்பான வெப்பத்தில் சூடேறி, ஆறுவதற்குள் வேறொரு வெடிப்பினூடாக மேலே வந்துவிடுகிறது. கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் ஊறுவது அந்த நீர்தான். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக அவற்றை உண்டாக்கினான் என்று நாம் கேட்டு வளர்ந்த கதையை இதற்காகப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. நம் நிலம் மிகப் பழையது. கோணேசர் கோயில் நிற்கும் பாறை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே உருமாறி இறுகிவிட்டது.

டொங்காரிரோவின் அடியிலோ பாறைக்குழம்பு இன்றும் இருக்கிறது. பசிபிக் புவித்தட்டு நியூசிலாந்தின் வடதீவின் கீழே அமிழ்வதே அதற்குக் காரணம். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையில் மிக உயர்ந்த இடம் 1886 மீட்டரில் இருக்கும் செந்நிற எரிமலைவாயின் விளிம்பு. அங்கே உட்கார்ந்து கையை நிலத்தில் ஊன்றினால் சில இடங்களில் இளஞ்சூடு தெரியும். காற்று திரும்பும்போது கந்தக நெடி தொண்டையில் இறங்கும். பாறையிலுள்ள இரும்பு காற்றுப்பட்டுத் துருவேறியதால் வந்தது அந்த வாயின் சிவப்பு. விளிம்பிலிருந்து இறங்கும் சரிவு முழுவதும் உதிரிக் கற்கள், குதிகாலை அழுத்திப் பதித்துத்தான் இறங்க வேண்டும். கீழே, கரைந்த கனிமங்களால் பச்சை நிறம் பெற்ற சிறு ஏரிகள் தெரியும்.

2012 ஆகஸ்ட் 6 இரவு, அந்த மலையின் தே மாரி வாய் வெடித்தபோது சீறியது பாறைக்குழம்பு அல்ல. அடைபட்டுக் கிடந்த வெந்நீரும் ஆவியும். அவை வீசிய கற்கள் நடைபயணிகள் தங்கும் ஒரு குடிலின் கூரையைத் துளைத்தன. நல்லவேளையாக உள்ளே ஒருவரும் இல்லை. கன்னியா நீருக்கு அந்த ஆபத்து இல்லை, அதன் கீழே கொதிக்கும் குழம்பு இல்லாததால்.

முடிந்தால் வகுப்பையே கன்னியாவுக்கு அழைத்துப் போங்கள். ஒவ்வொரு கிணற்றிலும் வாளியால் அள்ளியவுடன் வெப்பமானியை வைத்துப் பார்க்கட்டும். ஏழும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. அந்தப் பிள்ளை குறித்த அளவுகளை எனக்கு எழுதி அனுப்புங்கள்.