நுனி வெடிக்கும் சுருட்டை முடி: கடைசி ஒரு சாணைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 27. தூத்துக்குடியில் இருக்கிறேன். சுருட்டை முடி, இழுத்துப் பிடித்தால் இடுப்பு வரை வரும். ஒரு வருடமாக நுனியெல்லாம் வெடித்துச் செம்பட்டையாகிவிட்டது. பின்னினால் கடைசிப் பகுதி எலிவால் மாதிரி இருக்கிறது. அரை அடி வெட்டிவிட்டு, முடியைப் பளபளப்பாக்கும் கெரட்டின் பூச்சு போட்டால் சரியாகிவிடும் என்று பார்லரில் சொல்கிறார்கள். அம்மாவோ கத்தரியே படக் கூடாது, எண்ணெய் வைத்தால் போதும் என்கிறார். வீட்டில் போர் தண்ணீர்தான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. வெட்டத்தான் வேண்டும், ஆனால் அரை அடி தேவையில்லை. எண்ணெயும் வைக்கத்தான் வேண்டும், ஆனால் வெடித்த நுனியை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. கெரட்டின் வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வளரும். வருடத்துக்கு 12 முதல் 15 செ.மீ. இடுப்பு வரை வரும் முடி, வேரிலிருந்து நுனி வரை சுமார் 75 செ.மீ. இருக்கும். அப்படியென்றால் உங்கள் பின்னலின் கடைசி ஒரு சாண், உங்களுக்கு 21, 22 வயது இருக்கும்போது தலையிலிருந்து வெளியே வந்தது. ஐந்தாறு வருட வெயில், உப்புக் காற்று, சீப்பு, துண்டு, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் தாங்கிய முடி அது. போன மாதம் முளைத்த முடியும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? எண்ணெயை உச்சந்தலையில் ஊற்றித் தேய்க்கிறோம்; நுனிக்குக் கையில் மிச்சமிருப்பதுதான். ஷாம்பூவையோ நுனி வரை இழுத்துக் கசக்குகிறோம். இந்த இரண்டையும் தலைகீழாக மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு முடியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், மேலே செதில் செதிலாக, ஓட்டு வீட்டுக் கூரை போல ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருக்கும். உள்ளே கெரட்டின் என்ற புரதத்தின் இழைகள், முறுக்கிய கயிறு மாதிரி. ஓடு இருக்கும்வரை கயிறு பத்திரம். வருடக்கணக்கான உரசலில் நுனிப் பக்கத்து ஓடுகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து, ஒரு கட்டத்தில் கயிறு வெறுமையாக நிற்கும். அப்புறம் புரி பிரியும். நீங்கள் பார்க்கும் இரட்டை நுனி அதுதான். இன்னொரு வகையும் உண்டு. முடியின் நடுவில் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளி தெரியும். பொடுகோ ஈரோ என்று நினைத்துவிடுவார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு துடைப்பங்களை எதிரெதிராகச் செருகியது போல இருக்கும். லேசாக இழுத்தால் அந்த இடத்தில் முறியும். ஒரு வெள்ளைத் தாளின் மேல் உங்கள் முடி நான்கைந்தை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நுனி மட்டும் பிளந்திருக்கிறதா, புள்ளிகளும் இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். புள்ளிகள் நிறைய இருந்தால் சூடோ, ரசாயனமோ, முரட்டுச் சீப்போ காரணமாக இருக்கலாம். முதலில் அதை நிறுத்த வேண்டும்.

சுருட்டை முடிக்கு இதெல்லாம் ஏன் சீக்கிரம் வருகிறது? தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேர் முடியில் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். உங்கள் முடியில் ஒவ்வொரு வளைவையும் தாண்ட வேண்டுமே, பாதி வழியிலேயே நின்றுவிடும். உச்சியில் பிசுபிசுப்பு, நுனியில் வறட்சி என்று இரண்டும் ஒரே தலையில் இருப்பது இதனால்தான். போதாக்குறைக்குச் சுருட்டை முடி உருண்டையாக இல்லாமல் கொஞ்சம் தட்டையாக இருக்கும். திரும்பும் இடங்கள் பலவீனமானவை. சின்ன வயதில் யாராவது உங்களைப் பரட்டை என்று சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். நேர் முடிக்கான பழக்கங்களைச் சுருட்டை முடியின் மேல் திணித்தால் எந்த முடியும் அப்படித்தான் நிற்கும்.

சரி, வெட்டும் விஷயத்துக்கு வருவோம். முடி உயிரில்லாத பொருள். பிளந்தது தானாக ஒன்று சேராது. விட்டுவைத்தால் பிளவு மேலே ஏறும், அல்லது பாதியில் முறியும். வெட்டினால் வேகமாக வளரும் என்பதும் உண்மையில்லை. வளர்வது வேரில், அதற்குக் கத்தரி பட்டது தெரியாது. ஆனால் நுனி முறிவது நின்றால் வளர்ந்த நீளம் அப்படியே கையில் நிற்கும். அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: மூன்று மாதத்தில் மூன்றரை செ.மீ. வளர்கிறது, அதில் ஒரு செ.மீ. வெட்டுகிறோம், மீதி லாபம்.

முதல் முறை மட்டும், பின்னல் எலிவாலாகத் தொடங்கும் இடம் வரை எடுத்துவிடலாம். பெரும்பாலும் மூன்று, நான்கு விரல் அகலம் இருக்கும். மனசு வரவில்லையென்றால் இரண்டு விரல் போதும். மீதியை அடுத்த இரண்டு முறைகளில் எடுங்கள். பார்லரில், முடி காய்ந்து சுருண்டிருக்கும்போதே வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஈரத்தில் ஒரே மட்டமாக வெட்டியது காய்ந்ததும் மேலும் கீழுமாக நிற்கும்.

நடுவில் உள்ள வெடிப்புகளை வீட்டிலேயே எடுக்கலாம். பகல் வெளிச்சத்தில், காய்ந்த முடியில், சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு கற்றையை எடுத்து விளக்குத் திரி போல முறுக்குங்கள். முறுக்கியதும் வெடித்த நுனிகள் பக்கவாட்டில் முள் முள்ளாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பிளவுக்கு அரை செ.மீ. மேலே வைத்து அவற்றை மட்டும் வெட்டுங்கள். ஒரு நாளில் முழுத் தலையையும் முடிக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். முடி வெட்டுவதற்கென்றே ஒரு கத்தரி வாங்கிவிடுங்கள். பால் பாக்கெட்டும் காகிதமும் வெட்டிய மழுங்கல் கத்தரி முடியை நசுக்கும். நசுங்கிய இடத்தில் புதிதாகப் பிளக்கும். ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: போன் பேசும்போதும் பஸ்ஸில் போகும்போதும் பிளந்த நுனியை விரலால் உரிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு செ.மீ. பிளவை ஒரு சாண் பிளவாக்குவது அதுதான்.

எண்ணெயில் அம்மா சொல்வது நல்ல விஷயம். தேங்காய் எண்ணெயின் முக்கியக் கொழுப்பு அமிலமான லாரிக் அமிலம் சிறியது, நேரான வடிவம் கொண்டது, முடிக்குள் நுழையக்கூடியது. 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டும்தான் குறைத்தது. தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் செய்த ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் காரணம் தெளிவானது: எண்ணெய் உள்ளே இருந்தால் குளிக்கும்போது முடி அதிகம் ஊறி உப்பாது. அதனால் குளித்த பின்பு பூசுவதைவிட, குளிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வைப்பது நல்லது. முதல் நாள் இரவும் வைக்கலாம். உள்ளங்கையில் ஒன்றிரண்டு டீஸ்பூன் எடுத்து, முதலில் கடைசி ஒரு சாணில் தடவி, அப்படியே மேலே வாருங்கள். தலைத்தோலுக்குக் கையில் மிஞ்சியது போதும். பொடுகு இருந்தால் தலைத்தோலில் எண்ணெயே வேண்டாம். பொடுகோடு சம்பந்தப்பட்ட பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு.

விளக்கெண்ணெயை நீள முடியில் அப்பாதீர்கள். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் தேய்த்துக் குளித்த இளம்பெண்ணுக்கு நீள முடி முழுவதும் கம்பளம் போலச் சிக்கிக்கொண்டதை 2017-ல் நம் நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தச் சிக்கைப் பிரிக்கவே முடியாமல் முடியை வெட்ட வேண்டியதாயிற்று. அரிதாக நடப்பதுதான், ஆனால் நீளச் சுருட்டை முடிக்காரர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இனி தண்ணீர். வாளியிலும் குழாயிலும் வெள்ளையாகப் படிகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா? அந்தக் கால்சியமும் மெக்னீசியமும் முடியிலும் படிந்து சொரசொரப்பாக்கும். இந்தத் தண்ணீரில் கட்டிச் சோப்பைத் தலைக்குப் போட்டால் பிசின் மாதிரி ஒட்டும், தவிர்த்துவிடுங்கள். தலை முழுவதையும் நல்ல தண்ணீரில் அலச முடியாது என்பது தெரியும். கடைசி இரண்டு செம்பு மட்டும் சமையலறை ஃபில்டர் தண்ணீராகவோ பிடித்துவைத்த மழைத்தண்ணீராகவோ இருக்கட்டும், அதையும் நுனிக்கு ஊற்றுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, லேபிளில் இடிடிஏ (EDTA, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) என்று போட்டிருக்கும் ஷாம்பூவால் அலசினால் படிவு குறையும்.

வாரத்துக்கு இரண்டு முறை தலைக்குக் குளித்தால் போதும். ஷாம்பூவைச் செம்பில் கரைத்துத் தலைத்தோலுக்கு மட்டும் தேயுங்கள். வழிந்து வரும் நுரையே நுனியைக் கழுவிவிடும். சீயக்காய் பழக்கம் இருந்தால் தாராளமாகத் தொடரலாம், ஆனால் தூளை அப்படியே போடாதீர்கள். சுருளுக்குள் புகுந்த தூள் மணலைப் போல ஓடுகளைத் தேய்க்கும். கொதிக்க வைத்து, ஆறியதும் துணியில் வடிகட்டி அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். அதற்குப் பிறகு செம்பருத்தி இலை. பதினைந்து இலையைத் தண்ணீரில் போட்டுக் கசக்கி வடித்தால் கொழகொழவென்று ஒரு சாறு வரும். இரண்டு விரலுக்கு நடுவில் நூல் இழுக்கும் பதம். அதுவும் கடையில் வாங்கும் கண்டிஷனரும் செய்வது ஏறக்குறைய ஒரே வேலை, வழுவழுப்பு தருவது. எது வசதியோ அதைக் கழுத்துக்குக் கீழே உள்ள முடியில் தடவுங்கள்.

அந்த வழுவழுப்போடு இருக்கும்போதே சிக்கெடுத்துவிடுங்கள். ஈர முடியை வாரக் கூடாது என்று கேட்டிருப்பீர்கள். நேர் முடிக்கு அது சரி. ஈரத்தில் முடி பலவீனம்தான். ஆனால் சுருட்டை முடியைக் காய்ந்தபின் வாருவது அதைவிட மோசம். அகலப் பல் சீப்பால், நுனியில் நான்கு விரல் முதலில், பிறகு அதற்கு மேல் நான்கு விரல் என்று ஏறிப் போக வேண்டும். சிக்குக்கு மேலே இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுவை வேருக்குப் போகாது. காய்ந்த பிறகு விரலால் கோதினால் போதும்.

குளித்துவிட்டுத் துண்டால் முடியைப் படபடவென்று தட்டி உதறுவது நம் வீடுகளில் ரொம்பக் காலப் பழக்கம். தண்ணீர் வடியும், கூடவே நுனியும் பிளக்கும். பழைய வேட்டித் துணியால் ஒற்றியெடுங்கள். அவசரமென்றால் ட்ரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காயவைக்கலாம். ராத்திரி தளர்வாகப் பின்னி, ரிப்பனால் கட்டிப் படுங்கள். கிழிந்துபோன பட்டுப்புடவை இருந்தால் ஜரிகை இல்லாத பகுதியில் ஒரு தலையணை உறை தைத்துக்கொள்ளுங்கள். பருத்தி உறையில் தினமும் ஏழு மணி நேரம் உரசுவது நின்றுவிடும்.

கெரட்டின் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். மேலே ஒரு பூச்சு போட்டு, 200 டிகிரி அளவுச் சூட்டில் இஸ்திரி போடுவார்கள். சில மாதம் பளபளக்கும். பிளந்த நுனி உள்ளே பிளந்தேதான் இருக்கும். பல கலவைகள் சூடுபட்டதும் ஃபார்மால்டிஹைடு ஆவியை விடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்திருக்கிறது. ஃபார்மால்டிஹைடு இல்லை என்று விற்கும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கும். அதைப் போட்டுக்கொண்ட பிறகு சிறுநீரகம் பாதித்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். விசேஷ நாளில் நுனி பளிச்சென்று தெரிய வேண்டுமானால், டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் உள்ள சீரம் இரண்டு சொட்டு போதும். அடுத்த குளியல் வரை பிளவை மறைத்து, உரசலையும் குறைக்கும்.

கடைசியாக, உதிரும் முடியையும் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் குட்டி உருண்டை இருந்தால் அது வேரோடு வந்த முடி. நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. உருண்டையில்லாத துண்டுகள் என்றால் முறிந்தவை, மேலே சொன்னதையெல்லாம் செய்தால் மூன்று, நான்கு மாதத்தில் குறையும். உருண்டையோடு கொத்துக் கொத்தாக வந்தாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ, எண்ணெயையும் ஷாம்பூவையும் மாற்றிப் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம். தோல் மருத்துவரைப் பார்த்து, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.