கட்டிப்போட்டு விடுவார்களோ என்ற அச்சம்

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் அவருடைய தம்பி மாத்திரைகளை நிறுத்திவிட்டார். இப்போது இரவெல்லாம் தூங்காமல், யாரோ தன்னைக் கொல்ல வருவதாகக் கத்துகிறார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் கட்டிப்போட்டு விடுவார்கள் என்று அம்மா தடுக்கிறாராம்.

அம்மாவின் அச்சம் புரிகிறது. ஆனால் அதற்காகத் தாமதிக்க வேண்டாம். பயிற்சி பெற்ற அவசரப் பிரிவுக் குழுவுக்குக் கட்டுவது கடைசி வழி. குழுவில் ஒருவர் மட்டுமே தம்பியிடம் பேசுவார். இரண்டு கை தூரம் விலகி, வாசலை மறைக்காமல் நின்று, தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். "யாரும் வரவில்லை" என்று வாதாடவும் மாட்டார், ஆமாம் என்று ஒத்துப்பாடவும் மாட்டார். "பயமாக இருக்கிறதா, இங்கே நாங்கள் இருக்கிறோம்" என்பார். அதிலும் தணியாவிட்டால் மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள். அதையும் மறுத்து, அவருக்கோ பிறருக்கோ ஆபத்து நேரும் நிலை வந்தால்தான் ஊசி. கட்ட நேர்ந்தாலும் குப்புறக் கிடத்தக் கூடாது. மூச்சையும் கைகால்களின் ரத்த ஓட்டத்தையும் அடிக்கடி பார்த்து, தணிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். இவற்றைத் தாதியிடம் நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

பழைய நோய்தானே என்று முடிவுகட்டுவது பெரிய ஆபத்து என்பேன். ரத்தச் சர்க்கரை குறைவதும், கிருமித்தொற்றும், தலைக்காயமும், குடியைத் திடீரென நிறுத்துவதும்கூட இதே குழப்பத்தை உண்டாக்கும். எனவே தம்பி கடைசியாக மாத்திரை சாப்பிட்ட நாள், மருந்து ஒவ்வாமை, அண்மையில் விழுந்தாரா, என்ன குடித்தார் என்பதையெல்லாம் சொல்லுங்கள். மருந்து அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். பதற்றத்தில் அவர் தமிழில் மட்டுமே பேசக்கூடும், பணியில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாமலும் போகலாம். அவர் நம்பும் ஒருவர் கூடவே இருக்கட்டும்; அன்று அவரோடு சண்டையிட்டவர் சற்று ஒதுங்கியிருப்பது நல்லது.

வர மறுத்தால் வலுக்கட்டாயமாகக் காரில் ஏற்றாதீர்கள். 999ஐ அழைத்து, மனநல நோயாளி என்பதையும் கையில் ஆயுதம் உண்டா இல்லையா என்பதையும் முதலிலேயே கூறுங்கள். நோயாளி சம்மதிக்காவிட்டாலும், மருத்துவர் பரிசோதித்துப் பரிந்துரைத்தால், உறவினரின் விண்ணப்பத்தின் பேரில் அவரை மருத்துவமனையில் சேர்க்க 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இடம் தருகிறது. மலேசியாவில் தற்கொலை முயற்சி 2023 முதல் குற்றமல்ல. ஆகவே சாக வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தால், போலீஸ் வழக்காகிவிடுமோ என்று அஞ்சி அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.