ஐந்து லட்சமும் ஆறு மணி நேரமும்

மதிப்புக்குரிய அம்மா,

வணக்கம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மலை மாவட்டத்துக்கு 700 படுக்கை வந்தது பெரிய காரியம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நான் இருப்பது சேரங்கோடு பக்கம். இங்கிருந்து ஊட்டிக்குப் போவதென்றால் பந்தலூர், கூடலூர் வந்து, நடுவட்டம் ஏறிப் போக வேண்டும். பஸ்ஸில் பாதி நாள் போய்விடும். தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ராத்திரி யாருக்காவது முடியாமல் போனால் கேரளத்தில் இருக்கும் சுல்தான் பத்தேரிக்குத்தான் ஓடுகிறோம்.

என் பேரன் பழைய வீடியோ ஒன்றைக் காட்டினான். அமெரிக்காவில் ஒபாமா எதிர்க்கட்சிக்காரர்களையும் உட்கார வைத்து மருத்துவத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறார். நம் தலைவர்களும் நிபுணர்களும் இப்படி உட்கார்ந்து பேசினால் நமக்கும் ஒரு வழி பிறக்காதா? இங்கே யாரைக் கேட்டாலும் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, ஐந்து லட்சம் இருக்கிறதே என்கிறார்கள். அது போதுமா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், சேரங்கோடு

அன்புள்ள ஐயா,

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அந்த மருத்துவமனையைத் திறந்து வைத்தபோது நான் அதைப் பற்றி எழுதியது கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு. எனக்கு ஊட்டி பக்கம். நீலகிரி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு மாவட்டத் தலைநகரம் ஒரு மலை ஏறிப் போக வேண்டிய இடம். அந்தக் கட்டுரையில் அது இருந்திருக்க வேண்டும்.

உங்கள் பேரன் காட்டிய வீடியோ 2010 பிப்ரவரி 25 அன்று நடந்த கூட்டமாக இருக்கும். வாஷிங்டனில் பிளேர் ஹவுஸ் என்ற அரசு விருந்தினர் மாளிகையில் இரு கட்சித் தலைவர்களும் ஏழு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். எல்லாம் நேரலை. அடுத்த மாதம் 23ஆம் தேதி மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் ஒபாமா கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டத்துக்கு எதிர்க்கட்சியினர் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. அப்படியானால் பேசியது வீணா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். யார் எதை ஏன் மறுக்கிறார்கள் என்பதை ஒரு நாடு முழுக்க உட்கார்ந்து கேட்டது.

அந்தக் கூட்டத்தில் எனக்கு மறக்காத இடம் ஒன்று. லூயிஸ் ஸ்லாட்டர் என்ற நியூயார்க் நாடாளுமன்ற உறுப்பினர் தன் தொகுதிப் பெண் ஒருவரைப் பற்றிச் சொன்னார். பல் செட் வாங்கக் காசில்லாமல், இறந்துபோன சகோதரியின் பல் செட்டைப் போட்டுக்கொண்டிருந்தாராம் அந்தப் பெண். அந்த மேசையைச் சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள், அந்தப் பெண்ணுக்கு அங்கே நாற்காலி இல்லை. அவருடைய கதை மட்டும்தான் வந்து சேர்ந்தது.

அவர்கள் காப்பீட்டைப் பற்றியே அவ்வளவு நேரம் பேசியதற்குக் காரணம் உண்டு. அங்கே பெரும்பாலோருக்குக் காப்பீடு வேலையோடு வருகிறது. வேலை போனால் அதுவும் போய்விடும், பில் தலையில் விழும். நம் ஊரில் அரசு மருத்துவமனை வாசலில் யாரும் காசு கேட்பதில்லை. நமக்குச் சிக்கல் அந்த வாசல் வரைக்கும் போய்ச் சேர்வதில் இருக்கிறது. ஆகவே அவர்களுடைய கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு நாம் விவாதித்தால் நம் நோய் அதில் அகப்படாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2016இல் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்து தட்டு நழுவியது, வாய் ஒரு பக்கம் கோணியது. வண்டி கிடைக்க முக்கால் மணி நேரம். முதலில் போன மருத்துவமனையில் ஸ்கேன் இல்லை, கீழே கொண்டுபோங்கள் என்றார்கள். மலைப்பாதையில் பனிமூட்டம், ஓரிடத்தில் மரம் விழுந்து கிடந்தது. கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுக்கும்போது மணி மூன்று. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாங்கள் போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. காப்பீட்டு அட்டை என் கைப்பையில் பத்திரமாக இருந்தது. அம்மா ஐந்து வருடம் வலது கையை அசைக்காமலேயே வாழ்ந்தார்.

அதற்கும் முன்னால் போக வேண்டும். அம்மா ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தி நான்கு மாதம் ஆகியிருந்தது. மாத்திரை இலவசம்தான். அதை வாங்கப் போனால் இரண்டு பஸ் மாற வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், பச்சைத் தேயிலை பறிக்கும் ஒரு நாள் கூலி போய்விடும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார். இதை எந்தக் காப்பீடும் பார்க்காது, ஏனென்றால் அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. மாத்திரை, பஸ் கட்டணம், இழந்த கூலி எல்லாம் நம் பையிலிருந்து போகிறவை.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நான் மனதார மதிப்பது இதனால்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டு வருபவர் பெரும்பாலும் நம் ஊர் மகளிர் குழுவிலிருந்து வந்த பெண். அம்மாவுக்கு அது ஐந்து வருடம் தாமதம். காப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதய அறுவை சிகிச்சைக்கு அந்த அட்டையால் பிழைத்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். போதுமா என்று கேட்டீர்கள், போதாது.

சரி, தலைவர்களும் நிபுணர்களும் உட்கார்ந்து பேசவில்லையா? பேசியிருக்கிறார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில், ஜோசப் போர் என்ற அதிகாரியின் தலைமையில் 1943இல் ஒரு குழு போட்டார்கள், 1946இல் அறிக்கை வந்தது. நம் சென்னை மருத்துவர் லட்சுமணசாமி முதலியார் அதில் உறுப்பினர். காசு கொடுக்க முடியாத காரணத்தால் யாருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்று அப்போதே எழுதிவிட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் என்ற ஏற்பாடே அங்கிருந்து வந்ததுதான். 2017 தேசிய சுகாதாரக் கொள்கையும் மருத்துவத்துக்கான பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஆரம்ப நிலை வைத்தியத்துக்குப் போக வேண்டும் என்கிறது. நிபுணர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குக் குறையாகப் படுவது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையம் என்றால் 5,000, மலையில் 3,000. மலைக்குச் சலுகை கொடுத்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் எண்ணுவது தலையைத்தான். மூவாயிரம் பேர் ஒரே சமவெளி ஊரில் இருப்பதும், பத்து தோட்டத்து லைன்களிலும் நாலு பழங்குடிக் குடியிருப்புகளிலும் சிதறி இருப்பதும் ஒன்றா? நடுவில் ஓடை, யானைத் தடம், இரவில் யாரும் இறங்காத சாலை. மத்திய அரசின் சுகாதார இயக்கத்திலேயே சில மலை, பாலைவன மாவட்டங்களுக்கு வேறு கணக்கும் உண்டு: குடியிருப்பிலிருந்து அரை மணி நேர நடையில் துணை நிலையம் இருக்க வேண்டும். நேரத்தை வைத்துக் கணக்கிட முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். அதை இரவுக்கும் பிரசவத்துக்கும் பக்கவாதத்துக்கும் நீட்ட வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

உங்கள் பக்கத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது, எனக்கு அதைச் சொல்லும்போது பெருமையாக இருக்கும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை. அதை நடத்தும் அஸ்வினி என்ற தொண்டு அமைப்பினர் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஊர்களிலேயே சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்தார்கள். பிறகுதான் மருத்துவமனை. அதற்கும் பிறகு, 1992இல், ஆதிவாசி முன்னேற்றச் சங்க உறுப்பினர்களுக்கு மருத்துவக் காப்பீடு. நாட்டில் பெரும்பாலோர் அப்படி ஒன்றைக் கேள்விப்படாத காலம் அது. அங்கே போனால் ஊசி போடுகிற நர்ஸ் நோயாளியின் மொழியில் பேசுவார். காப்பீடு அங்கே வரிசையில் கடைசியாக வந்தது, அதனால் பயன்பட்டது. இப்போதைய விவாதங்களில் அட்டை முதலில் வருகிறது, ஊர்ப் பணியாளர் கடைசியில்.

அரிவாள் செல் ரத்தசோகையையும் பாருங்கள், ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து கடும் வலி தரும் பரம்பரை நோய் அது. இந்தியாவில் அதை முதன்முதலாகக் கண்டுபிடித்தது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். அதற்கான தேசிய இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில். எழுபத்தோரு வருடம். நிபுணருக்குத் தெரிந்திருந்தது, நோயாளிக்கு வலித்துக்கொண்டிருந்தது, இரண்டு பேரும் ஒரே அறையில் இல்லை. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் தலைவர்கள் எங்கோ கூடிப் பேசட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டாம். உங்கள் சேரங்கோடு ஊராட்சியில் கிராம சபை கூடும். அங்கே ஐந்து லட்சத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு பத்து மணிக்கு மேல் யார் இருக்கிறார்கள், நர்ஸ் பணியிடம் எத்தனை காலி, 108 வண்டி எந்த இடத்தில் நிற்கிறது, உங்கள் லைனுக்கு வர எத்தனை நிமிடம், பாம்புக்கடி மருந்து கையிருப்பில் உண்டா, இதையெல்லாம் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். லைனில் இருக்கும் பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள், பிரசவத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை அவர்களே சொல்லட்டும்.

பேரனையும் அழைத்துப் போங்கள். அந்தக் கூட்டத்தையும் அவன் வீடியோ எடுக்கட்டும். என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.